கொரியச் செவிலியர் கல்வி ஆய்வுகளை வாசிக்கத் தொடங்குபவருக்கு

நர்சிங் மாணவர்களின் மன அழுத்தம், விமர்சனச் சிந்தனை, சிமுலேஷன் பயிற்சி, தொழில்மீதான பிடிப்பு என்று எந்தத் தலைப்பில் முந்தைய ஆய்வுகளைத் தேடினாலும் தென்கொரியாவிலிருந்து வந்த கட்டுரைகள் கொத்துக் கொத்தாக வந்து விழும். எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேடு எழுதுகிறவர்களும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களும் அவற்றின் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு, "கொரியாவில் 200 மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் இவ்வாறு தெரியவந்தது" என்று ஒரு வரி எழுதி அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். அந்த 200 பேர் எந்த ஆண்டு மாணவர்கள், கேள்வித்தாள் கைக்கு வந்த வாரத்தில் அவர்கள் வார்டில் நின்றுகொண்டிருந்தார்களா, உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்களா, வேலைக்கான அழைப்புக்காகக் காத்திருந்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. இது எனக்கு நெடுநாளாக உறுத்தும் விஷயம். கட்டுரையில் உள்ள எண்கள் அந்தக் கல்லூரி வாழ்க்கையிலிருந்து பிறந்தவை. கல்லூரியைத் தெரிந்துகொள்ளாமல் எண்ணை மட்டும் எடுத்துவந்தால் அது பொருளற்றுப் போகும்.

ஆகவே இந்த வழிகாட்டியில் கட்டுரைக்கு முன்பாகக் கல்லூரியிலிருந்து தொடங்குகிறேன். கொரிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஓரளவு ஆங்கிலமும், அடிப்படைப் புள்ளியியலும், பொறுமையும் போதும்.

முதல் படி: அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

வரலாறு சுருக்கமாகவே போதும். 1903ஆம் ஆண்டு சியோலில், போகு யோக்வான் என்ற பெண்கள் மருத்துவமனையில் மெதடிஸ்ட் மிஷனைச் சேர்ந்த மார்கரெட் எட்மண்ட்ஸ் முதல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். மூன்று ஆண்டுகள் கழித்து செவரன்ஸ் மருத்துவமனையிலும் பயிற்சிப் பள்ளி வந்தது. 1955இல் ஈஹ்வா மகளிர் பல்கலைக்கழகம் நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 1978இல் யோன்செய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டப் படிப்பு வந்தது. கொரியப் போருக்குப் பிந்தைய வறுமையில் பட்டப்படிப்பைத் தொடங்கி, ஒரு தலைமுறைக்குள் முனைவர் பட்டம் வரை போய்விட்டார்கள். இன்று அங்கிருந்து இவ்வளவு கட்டுரைகள் வருவதற்கு இந்த வேகம் ஒரு காரணம்.

வாசிப்பவருக்கு இதைவிட முக்கியமானது 2011. அதற்கு முன்பு மூன்றாண்டுக் கல்லூரிகளும் நான்காண்டுப் பல்கலைக்கழகங்களும் அருகருகே இயங்கின. அந்த ஆண்டு செய்யப்பட்ட சட்டத் திருத்தம், தகுதியுள்ள மூன்றாண்டுக் கல்லூரிகளும் நர்சிங்கை நான்காண்டுப் படிப்பாக நடத்த வழிவிட்டது. பின்வந்த ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளும் மாறிவிட்டன. எனவே 2000களில் வந்த ஒரு கட்டுரை "கல்லூரி மாணவர்களுக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் இடையே வேறுபாடு" என்று பேசினால், அது இன்று இல்லாத ஒரு பிரிவைப் பற்றிப் பேசுகிறது. அதை இன்றைய நிலையாக மேற்கோள் காட்டக் கூடாது.

அடுத்தது அங்கீகாரம். கொரியச் செவிலியர் கல்வி மதிப்பீட்டு நிறுவனம் ஒவ்வொரு கல்லூரியையும் மதிப்பிடுகிறது. 2017 பிப்ரவரி முதல், அதன் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர்கள் மட்டுமே தேசிய உரிமத் தேர்வு எழுத முடியும். இந்த நிறுவனம் வகுத்த இரண்டு நிபந்தனைகள் ஆய்வுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப எதிரொலிக்கும். ஒன்று, 1000 மணி நேர கிளினிக்கல் பயிற்சி. மற்றொன்று, "முக்கிய அடிப்படைச் செவிலியத் திறன்கள்" என்ற பட்டியல். உயிர்நிலைக் குறிகளை அளப்பது, ஊசி போடுவது, ரத்தம் ஏற்றுவது, சிறுநீர்க்குழாய் செருகுவது, இதய மீட்பு போன்றவை அதில் இருக்கும். திறன் பயிற்சி பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் உள்ள ஒன்றைத்தான் எடுத்துக்கொள்கின்றன. ஏன் இத்தனை பேர் சிறுநீர்க்குழாய் செருகுவதைப் பற்றியே ஆய்வு செய்கிறார்கள் என்று வியக்க வேண்டாம். மதிப்பீட்டில் அது கேட்கப்படுகிறது.

நாடு முழுவதும் ஏறத்தாழ 200 கல்லூரிகள் உள்ளன. செவிலியர் பற்றாக்குறையைச் சொல்லி அரசு சேர்க்கை இடங்களைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது. இடங்கள் கூடின. பயிற்சி தரக்கூடிய பெரிய மருத்துவமனைகள் அதே வேகத்தில் கூடவில்லை. இந்த ஒரு முரணை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் கட்டுரைகளின் அறிமுகப் பகுதி உங்களுக்கு முன்கூட்டியே புரிந்துவிடும்.

இரண்டாம் படி: ஒரு மாணவியின் நான்கு ஆண்டுகளைப் பின்தொடருங்கள்

அவசரப்படாமல் நிதானமாகச் செய்ய வேண்டிய படி இது. கொரியக் கல்வியாண்டு மார்ச்சில் தொடங்குகிறது. முதல் பருவம் ஜூன் நடுப்பகுதி வரை. இரண்டாம் பருவம் செப்டம்பர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை. முதலாண்டில் பொதுப் பாடங்களும் உடற்கூறியல், உடலியங்கியல் போன்றவையும் இருக்கும். இரண்டாம் ஆண்டில் அடிப்படைச் செவிலியம், உடல்நிலை மதிப்பீடு. வார்டுக்குப் போகும் முன் சீருடை அணிந்து, மெழுகுவத்தி ஏந்தி, நைட்டிங்கேல் உறுதிமொழி எடுக்கும் விழா நடக்கும். மூன்றாம், நான்காம் ஆண்டுகளில்தான் கிளினிக்கல் பயிற்சியின் பெரும்பகுதி. நம் ஊரில் முதலாண்டிலேயே போஸ்டிங் போய்ப் பழகியவர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். அங்கே "முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்கள்" என்று ஒரு கட்டுரை சொன்னால், அவர்களில் பலர் நோயாளியின் படுக்கை அருகில் இன்னும் நின்றிருக்கவே மாட்டார்கள். அவர்களிடம் அளந்த "தொழில்மீதான பிடிப்பு" எதிர்பார்ப்பின் அளவுதான். அனுபவம் அதில் இன்னும் கலக்கவில்லை.

வார்டில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் முக்கியம். நோயாளியின் உரிமை, பாதுகாப்பு, தொற்றுக் கட்டுப்பாடு ஆகிய காரணங்களால் மாணவர்கள் பெரும்பாலும் பார்த்துக் கற்கிறார்கள். உயிர்நிலைக் குறிகளை எடுப்பார்கள், ரத்தச் சர்க்கரை பார்ப்பார்கள், செவிலியருக்குப் பின்னால் நடப்பார்கள், குறிப்பெடுப்பார்கள். ஊசி அவர்கள் கைக்கு அரிதாகவே வரும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை வார்டில் கை ஓயாமல் வேலை பார்த்த மாணவிக்கும், அங்கே சுவரோரம் நின்று கவனித்த மாணவிக்கும் "கிளினிக்கல் பயிற்சி அழுத்தம்" என்ற ஒரே அளவுகோலைக் கொடுத்தால் மொத்த மதிப்பெண் ஒன்றாகவே வரலாம். இவளுக்கு அழுத்தம் வேலைச் சுமையிலிருந்து வந்திருக்கும். அவளுக்கோ செய்வதற்கு எதுவும் இல்லாமல் எல்லோர் பார்வையிலும் நிற்பதிலிருந்து வந்திருக்கும். மொத்த எண்ணை மட்டும் ஒப்பிட்டால் இது தெரியாது. அளவுகோலின் உட்பிரிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் தெரியும்.

நான்காம் ஆண்டு தனி உலகம். மார்ச் தொடங்கி மருத்துவமனைகளின் ஆள்சேர்ப்பு நடக்கும். எல்லோர் கண்ணும் சியோலின் பெரிய மருத்துவமனைகள்மீது இருக்கும். ஆசான், சாம்சங், செவரன்ஸ், சியோல் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, சியோல் செயின்ட் மேரிஸ் என்ற ஐந்தையும் சேர்த்து "பெரிய ஐந்து" என்பார்கள். விண்ணப்பத்தில் கல்லூரி மதிப்பெண் கணிசமான எடை பெறுகிறது. பல கல்லூரிகளில் மதிப்பெண் ஒப்பீட்டு முறையில் வழங்கப்படுவதால், பக்கத்து இருக்கைத் தோழி போட்டியாளராகவும் ஆகிவிடுகிறாள். வேலை உறுதியான பிறகும் பணியில் சேர அழைப்பு வர மாதக்கணக்கில், சில வேளைகளில் ஓராண்டுக்கும் மேல் ஆகும்.

அதன் பிறகு ஜனவரியில் உரிமத் தேர்வு. எட்டுப் பாடங்கள், 295 கேள்விகள். மொத்தத்தில் 60 விழுக்காடும் ஒவ்வொரு பாடத்திலும் 40 விழுக்காடும் எடுத்தால் தேர்ச்சி. எழுதுவோரில் மிகப் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். இதைத் தெரிந்துகொண்டால் ஒரு தவறான ஊகத்திலிருந்து தப்பலாம். கொரிய மாணவர்களின் பதற்றத்தைத் தேர்வுப் பயம் என்று எழுதிவிடுவது எளிது. பதற்றத்தின் பெரும்பகுதி எந்த மருத்துவமனை, எப்போது அழைப்பு, முதல் ஆண்டைத் தாக்குப்பிடிக்க முடியுமா என்பதில் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த செவிலியர்களில் மிகப் பலர் முதல் ஆண்டுக்குள்ளேயே வேலையை விட்டு விலகுவது அங்கே தேசியக் கவலை. மூத்த செவிலியர்கள் புதியவர்களை வாட்டி எடுக்கும் வழக்கத்தை "தேஉம்" என்கிறார்கள். மாணவர்கள் இதைக் கேள்விப்பட்டுத்தான் வார்டுக்குள் காலடி வைக்கிறார்கள்.

மூன்றாம் படி: தேடும் இடங்கள்

முதலில் மூன்று ஆய்விதழ்களோடு தொடங்குங்கள். 1970இல் உருவான கொரியச் செவிலிய அறிவியல் சங்கம் நடத்தும் "ஜர்னல் ஆஃப் கொரியன் அகாடமி ஆஃப் நர்சிங்" முதன்மையானது. அதே சங்கம் 2007 முதல் ஆங்கிலத்தில் வெளியிடும் "ஏசியன் நர்சிங் ரிசர்ச்" இரண்டாவது. மூன்றாவது, கல்விக்கென்றே இயங்கும் "ஜர்னல் ஆஃப் கொரியன் அகாடமிக் சொசைட்டி ஆஃப் நர்சிங் எஜுகேஷன்". பாடத்திட்டம், பயிற்சி, சிமுலேஷன் என்று தேடுகிறவருக்குக் கடைசியாகச் சொன்னதுதான் சுரங்கம். அடிப்படைச் செவிலியம், முதியோர், குழந்தை, மனநலம், சமுதாயநலம், நிர்வாகம் என ஒவ்வொரு துறைக்கும் தனிச் சங்கமும் தனி இதழும் உண்டு. தேவைப்படும்போது அவற்றுக்குப் போகலாம்.

தேடுதளங்களில் "கொரியாமெட்" எளிது. ஆங்கிலச் சுருக்கங்கள் அதில் கிடைக்கும். தேசிய ஆய்வு அறக்கட்டளை நடத்தும் மேற்கோள் குறியீட்டுத் தளமான "கே.சி.ஐ." அடுத்தது. ஓர் இதழ் பதிவுபெற்றதா, பதிவுக்கான பரிசீலனையில் இருப்பதா என்பதை அங்கே சரிபார்க்கலாம். முதுகலை, முனைவர் ஆய்வேடுகளுக்கு "ரிஸ்". பல கொரிய அளவுகோல்கள் முதலில் ஆய்வேடுகளில்தான் பிறந்தன என்பதால் இந்தத் தளத்தை விட்டுவிட முடியாது.

கொரிய மொழியில் தேட ஒரு வழி: உங்கள் தலைப்புக்குப் பொருத்தமான ஒரு கட்டுரையைத் திறந்து, அதில் கொரிய எழுத்தில் உள்ள தலைப்பையும் முக்கியச் சொற்களையும் நகலெடுத்துத் தேடுபெட்டியில் ஒட்டுங்கள். ஆங்கிலத்தில் தேடும்போது கண்ணுக்குப் படாதவை வரிசையாக வரும். நர்சிங்கோடு தொடர்பற்ற பொதுவான "ஒருங்கிணைவு" இதழ்களிலும் தொழில்நுட்ப இதழ்களிலும் நர்சிங் மாணவர் ஆய்வுகள் ஏராளமாக வந்திருப்பதையும் அப்போது காண்பீர்கள். அவற்றை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. ஆனால் முறையியல் பகுதியை இரட்டைக் கவனத்தோடு படியுங்கள்.

நான்காம் படி: அட்டவணையிலிருந்து படியுங்கள்

கொரிய மொழிக் கட்டுரை என்றதும் மூடிவிட வேண்டாம். முன்னணி நர்சிங் இதழ்களில் உடல்பகுதி கொரியத்தில் இருந்தாலும் சுருக்கம், அட்டவணைகள், படங்கள், மேற்கோள் பட்டியல் ஆகியவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அட்டவணை படிக்கத் தெரிந்தவர் கட்டுரையின் முதுகெலும்பைப் படித்துவிடலாம். முறையியல் பத்திகளை மட்டும் மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் அட்டவணை பங்கேற்றவர்களின் பொதுப் பண்புகள். இங்கே சற்று நேரம் நில்லுங்கள். "கிரேடு" என்ற தலைப்பில் உள்ளது மதிப்பெண் தரம் இல்லை, எந்த ஆண்டு மாணவர் என்பது. மதிப்பெண் சராசரி பெரும்பாலும் 4.5க்குக் கணக்கிடப்படும். எனவே 3.5ஐ நான்குக்கு மூன்றரை என்று நினைத்துப் பாராட்டிவிட வேண்டாம், அது நடுத்தரம்தான். "நர்சிங்கைத் தேர்ந்தெடுத்த காரணம்" என்று ஒரு வரிசை அடிக்கடி இருக்கும். சொந்த விருப்பம், வேலைவாய்ப்பு அதிகம், பெற்றோர் அல்லது ஆசிரியர் சொன்னது, மதிப்பெண்ணுக்கு ஏற்ப வந்தது எனப் பிரித்திருப்பார்கள். அடுத்த அட்டவணையில் இந்தக் குழுக்களுக்கிடையே முதன்மை மாறியின் சராசரி எப்படி மாறுகிறது என்று பாருங்கள். விருப்பத்தோடு வந்தவர்களும் வேலைக்காக வந்தவர்களும் பிரியும் இடம் அங்கே தெரியும். கட்டுரை ஆசிரியர் அதை ஒரே வாக்கியத்தில் கடந்திருப்பார். எனக்கு அந்த வரிசைதான் பல கட்டுரைகளில் மிகச் சுவையான பகுதி, ஏனென்றால் ஒரு குடும்பம் தன் பிள்ளையை இந்தப் படிப்புக்கு அனுப்பிய கதை அதில் ஒளிந்திருக்கிறது.

அடுத்து மாதிரி அளவு. கொரியக் கட்டுரைகளில் "ஜி பவர்" மென்பொருளைக் கொண்டு எண்ணிக்கையைக் கணக்கிட்டதாக ஒரு வரி தவறாமல் இருக்கும். ரிக்ரஷன் பகுப்பாய்வு, நடுத்தர விளைவு அளவு 0.15, முக்கியத்துவ நிலை 0.05, சோதனைத் திறன் (பவர்) 0.95, பத்து முன்கணிப்பு மாறிகள் என்று கொடுத்தால் விடை 172. சோதனைத் திறனை 0.80 என்று குறைத்தால் 118. இதனுடன் விலகுவோருக்காகப் பத்து முதல் இருபது விழுக்காடு சேர்ப்பார்கள். ஏன் இத்தனை கட்டுரைகளில் மாதிரி 150க்கும் 220க்கும் நடுவே நிற்கிறது என்பதற்கு விடை இதுதான். இந்த எண்ணிக்கை புள்ளியியல் சோதனைக்குப் போதுமானது. கொரிய மாணவர் அனைவரையும் குறித்துப் பேச அது போதாது, ஏனென்றால் அவர்கள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று கல்லூரிகளிலிருந்து வசதிக்கேற்பச் சேர்க்கப்பட்டவர்கள். சியோல் கல்லூரியா, சிறு நகரக் கல்லூரியா என்று தேடிப் பாருங்கள். வேலைவாய்ப்புக் கனவு இரண்டு இடங்களிலும் ஒன்றாக இருக்காது.

"பாதிக்கும் காரணிகள்" என்று முடியும் தலைப்புகள் நிறைய வரும். ஒரே நேரத்தில் ஒரே கேள்வித்தாளில் இரண்டையும் கேட்டுவிட்டு ஒன்று மற்றொன்றைப் பாதிக்கிறது என்பது காரணத்தை நிறுவாது. மீள்திறன் கூடுதலாக உள்ளவருக்கு அழுத்தம் குறைவு என்று வந்தால், அழுத்தம் குறைவாக உள்ளவர் தன்னை மீள்திறன் மிக்கவராக மதிப்பிட்டிருக்கலாம் என்பதும் அதே அளவு உண்மையாக இருக்கக்கூடும். உங்கள் ஆய்வேட்டில் "தொடர்புடையது" என்று எழுதுங்கள். "காரணமாகிறது" என்று எழுதாதீர்கள்.

மிக முக்கியமான வரி ஒன்று உண்டு. பலரும் தாண்டிப் போகும் வரி: தரவு சேகரித்த தேதி. கொரியக் கட்டுரைகள் அதை நாள் கணக்கில் கொடுக்கும் நல்ல வழக்கம் கொண்டவை. மார்ச் மாதம் என்றால் பருவத் தொடக்கம், வார்டுப் பயிற்சி இன்னும் தொடங்காதவரும் இருப்பார். நவம்பர், டிசம்பர் என்றால் நான்காம் ஆண்டு மாணவர் உரிமத் தேர்வின் வாசலில் நிற்கிறார், வேலை உறுதியானவரும் ஆகாதவரும் அதே வகுப்பில் இருக்கிறார்கள். 2020, 2021 என்றால் கொரோனாவால் பல கல்லூரிகளில் வார்டுப் பயிற்சி இணையவழிக்கு மாறிய காலம். அன்று "கிளினிக்கல் திறன்" என்று அளந்தது எதை என்று கேளுங்கள். 2024 பிப்ரவரிக்குப் பிறகு என்றால், மருத்துவ மாணவர் சேர்க்கை உயர்வை எதிர்த்துப் பயிற்சி மருத்துவர்கள் கூட்டமாக விலகிய காலம். வருமானம் இழந்த பெரிய மருத்துவமனைகள் புதிய செவிலியர் சேர்ப்பை நிறுத்திவைத்தன, அல்லது தள்ளிப்போட்டன. அந்த ஆண்டு நான்காம் ஆண்டு மாணவர்களின் வேலைவாய்ப்பு அழுத்தத்தை 2019இன் எண்ணோடு ஒப்பிட்டு, "மீள்திறன் குறைந்துவிட்டது" என்று யாராவது எழுதினால் அது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி.

இன்னொரு சிறு எச்சரிக்கை. சில கட்டுரைகளில் "நர்சிங் மாணவர்" என்பவர் ஏற்கெனவே மூன்றாண்டு டிப்ளமோ முடித்துப் பணியாற்றிக்கொண்டே பட்டம் படிக்கும் செவிலியராக இருப்பார். சராசரி வயதைப் பாருங்கள். இருபத்திரண்டுக்குப் பதிலாக முப்பதைத் தாண்டியிருந்தால் புரிந்துவிடும்.

ஐந்தாம் படி: அளவுகோலின் பூர்வீகத்தைத் தேடுங்கள்

கொரிய ஆய்வுகளில் பயன்படும் கருவிகள் இரு வகை. மேற்கில் உருவாகிக் கொரியத்துக்கு வந்தவை ஒரு வகை. 1991இல் பெக்கும் ஸ்ரீவாஸ்தவாவும் உருவாக்கிய மாணவர் அழுத்த அளவுகோல் அப்படி வந்து பலமுறை திருத்தப்பட்டது. கொரியாவிலேயே பிறந்தவை மற்றொரு வகை. 2004இல் ஒரு முனைவர் ஆய்வேட்டில் உருவான 27 கேள்விகள் கொண்ட விமர்சனச் சிந்தனைப் போக்கு அளவுகோலும், 2005இல் வெளிவந்த 29 கேள்விகள் கொண்ட செவிலியர் தொழில்மதிப்பு அளவுகோலும் நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் வருகின்றன.

இந்த இரண்டாம் வகையை மதித்துப் பார்க்க வேண்டும். விமர்சனச் சிந்தனையை அமெரிக்க அளவுகோலைக் கொண்டு மட்டும் அளந்தால் தம் மாணவர்கள் சரியாகப் பதிவாகவில்லை என்று உணர்ந்து, தம் வகுப்பறைக்கு ஏற்றதைத் தாமே செய்துகொண்டார்கள். அந்த 27 கேள்விகள் அறிவார்வம், நிதானம், தன்னம்பிக்கை, முறைமை, அறிவு நேர்மை, ஆரோக்கியமான ஐயம், புறவயநோக்கு என ஏழு பிரிவாக இருக்கின்றன. கவனியுங்கள்: கேள்விகள் எல்லாம் மாணவரின் மனப்போக்கைக் கேட்கின்றன. அவர் ஒரு நோயாளியின் நிலையைப் பார்த்துச் சரியாக முடிவெடுத்தாரா என்று சோதிப்பதில்லை. "விமர்சனச் சிந்தனை உயர்ந்தது" என்று ஒரு கட்டுரை சொன்னால், மாணவர் தன்னைப் பற்றி நினைப்பது உயர்ந்தது என்றுதான் அதைப் படிக்க வேண்டும்.

ஒவ்வொரு கருவிக்கும் நம்பகத்தன்மைக் குணகம் இரண்டு இடங்களில் வரும்: உருவாக்கியபோது எவ்வளவு, இந்த ஆய்வில் எவ்வளவு. இரண்டும் வெகுவாக விலகினால் அங்கே ஏதோ இருக்கிறது. கேள்விகளைக் குறைத்துப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். எண்ணிக்கை மாறினால் மொத்த மதிப்பெண்ணை ஒப்பிட முடியாது. மொத்த மதிப்பெண்ணின் சராசரியைக் கேள்வி எண்ணிக்கையால் வகுத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

ஆறாம் படி: சிமுலேஷன் ஆய்வுகளைத் தனியே வையுங்கள்

வார்டில் கை வைக்க முடியாத நிலையில் செயற்கை நோயாளிப் பொம்மையும், நடிக்கும் நோயாளியும், இணையவழி நோயாளியும் கொரியாவில் வேகமாகப் பரவியதில் வியப்பில்லை. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் சமமற்ற இரு குழுக்களை எடுத்து, முன்பும் பின்பும் அளக்கும் வகை. சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதில்லை, ஏனென்றால் ஒரே வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரு பாடமும் மீதிப் பேருக்கு வேறு பாடமும் நடத்துவது மதிப்பெண் போட்டி உள்ள இடத்தில் நியாயமாகாது. எனவே இரண்டு கல்லூரிகளை எடுப்பார்கள், அல்லது ஒரு பிரிவை முதல் வாரத்திலும் மற்றதை அடுத்த வாரத்திலும் வைப்பார்கள். ஆய்வு முடிந்தபின் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதே பயிற்சியைக் கொடுத்ததாக ஒரு வரி இருந்தால், அந்த ஆசிரியர்மீது எனக்கு மதிப்பு கூடும்.

அளந்தது எது என்று கேளுங்கள். திருப்தி, தன்னம்பிக்கை ஆகியவை எந்தப் புதிய பயிற்சிக்குப் பிறகும் கூடிவிடும். இன்னொருவர் சரிபார்ப்புப் பட்டியலை வைத்துக் கவனித்து மதிப்பிட்ட திறன் கூடியிருந்தால் அதற்கு எடை அதிகம். மதிப்பிட்டவருக்கு எந்தக் குழு எது என்று தெரியாமல் இருந்தால் இன்னும் அதிகம். பயிற்சிக்குப் பிந்தைய கலந்துரையாடல் எவ்வளவு நேரம், யார் நடத்தினார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பொம்மையின் விலையைவிட அந்த உரையாடலில்தான் கற்றல் நடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஏழாம் படி: பண்புசார் ஆய்வுகளை விட்டுவிடாதீர்கள்

எண்களிலேயே மூழ்கியவர்கள் இவற்றைத் தாண்டிப் போவார்கள். கொரியச் செவிலியர்கள் நிகழ்வியல் (ஃபினாமினாலஜி), அடிப்படைக் கோட்பாடு (கிரவுண்டட் தியரி) ஆகிய முறைகளில் நீண்ட பயிற்சி உள்ளவர்கள். மனிதர்களின் கருத்துநிலைகளை வகைப்படுத்தும் கியூ முறையியலும் அங்கே மிகப் பரவலானது. முதல் முறை மரணத்தைப் பார்த்த மாணவர், மகப்பேறு வார்டில் வெளியே நிறுத்தப்பட்ட ஆண் மாணவர், வேலைக்கான அழைப்புக்காக வீட்டில் காத்திருப்பவர் போன்றோரின் சொற்கள் இந்த வகை ஆய்வுகளில்தான் கிடைக்கும். ஒரு தலைப்பில் ஐந்து எண்ணியல் கட்டுரைகள் படித்தால் ஒரு பண்புசார் கட்டுரையாவது சேர்த்துப் படியுங்கள். எண் ஏன் அப்படி வந்தது என்பதற்கான விளக்கம் பல முறை அங்கே கிடைத்திருக்கிறது.

எட்டாம் படி: உங்கள் ஆய்வுக்குக் கொண்டுவருவது

கொரியக் கருவி ஒன்றைத் தமிழில் பயன்படுத்த விரும்பினால், உருவாக்கியவரின் எழுத்துமூல அனுமதி முதலில். கட்டுரையில் உள்ள ஆங்கில வாசகங்கள் பல நேரங்களில் வெளியீட்டுக்காக மட்டும் பெயர்க்கப்பட்டவை, சோதிக்கப்படாதவை. கொரிய மூலத்தைக் கேட்டு வாங்கி, கொரியமும் தமிழும் அறிந்த ஒருவர் நேரடியாகப் பெயர்க்க, வேறொருவர் மூலத்தைப் பார்க்காமல் திரும்பக் கொரியத்துக்குக் கொண்டுபோக, இரண்டையும் ஒப்பிடுவது சிறந்த வழி. அது முடியாவிட்டால் ஆங்கிலம் வழியாக வந்தது என்பதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதுங்கள். பிறகு வல்லுநர் குழுவிடம் உள்ளடக்கச் செல்லுபடியைக் கேட்டு, சிறு முன்னோட்டம் நடத்துங்கள்.

ஒழுக்கநெறிப் பத்தியையும் அவர்களிடமிருந்து கற்கலாம். 2013 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட உயிரியல் நெறிச் சட்டத்துக்குப் பிறகு, மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுகளுக்கு எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கேட்பது மிகக் கண்டிப்பாகிவிட்டது. மாணவர் மறுக்கத் தயங்குபவர், ஆசிரியர் மதிப்பெண் போடுபவர். அதனால் பாடம் எடுக்கும் ஆசிரியர் வகுப்பைவிட்டு வெளியே போய்விட, தொடர்பற்ற ஓர் ஆய்வு உதவியாளர் விளக்கிச் சொல்லி, உறையில் மூடி வாங்கிக்கொள்வார். பங்கேற்றாலும் மறுத்தாலும் மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை என்பதை எழுதிக் கொடுப்பார்கள். நன்றிக்கு ஒரு காபிக் கூப்பன். நம் கல்லூரிகளில் பிரின்சிபால் அறையிலிருந்து சுற்றறிக்கை விட்டு வகுப்பு முழுவதையும் உட்காரவைத்துக் கேள்வித்தாள் நிரப்பும் வழக்கத்தை இதனுடன் வைத்துப் பாருங்கள். இந்த ஒன்றையாவது நாம் உடனே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அங்கேயே போய்ப் படிக்க நினைப்பவருக்கு

கொரிய அரசின் ஜி.கே.எஸ். உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் உண்டு. தூதரகம் வழியாகவும் பல்கலைக்கழகம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். பெரும்பாலோருக்கு முதல் ஆண்டு மொழிப் படிப்பிலேயே போகும், டோபிக் என்ற கொரிய மொழித் திறன் தேர்வில் மூன்றாம் நிலையாவது எட்ட வேண்டும். ஆய்வுப் பட்டம் வேறு, அங்கே செவிலியராகப் பணியாற்றும் உரிமம் வேறு. உரிமத்துக்குக் கொரிய மொழியிலேயே தேசியத் தேர்வு எழுத வேண்டும். பட்டம் பெற்றதும் வார்டில் வேலை கிடைக்கும் என்று சொல்லும் முகவர்களை நம்பாதீர்கள்.

2024 ஆகஸ்டில் நிறைவேறி 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த செவிலியர் சட்டத்தையும் தெரிந்துவைத்துக்கொண்டு போங்கள். அதற்கு முந்தைய வடிவம் 2023இல் குடியரசுத் தலைவரின் மறுப்பால் நின்றுபோனது. செவிலியரின் பணி எல்லை குறித்த நெடிய போராட்டம் அதன் பின்னால் இருக்கிறது. இனி வரும் கட்டுரைகளின் விவாதப் பகுதியில் அது அடிக்கடி வரும்.

கட்டுரை ஆசிரியருக்கு எழுதுவது

சந்தேகம் வந்தால் தொடர்பு ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பத் தயங்க வேண்டாம். "பேராசிரியர்" என்றே விளியுங்கள், பெயரை மட்டும் சொல்லி அழைப்பது அங்கே மரியாதையாகக் கொள்ளப்படாது. முதல் வரியில் நீங்கள் யார், எந்தக் கல்லூரி. இரண்டாவதில் எந்தக் கட்டுரை, எந்த ஆண்டு. மூன்றாவதில் கேட்க விரும்பும் ஒன்றே ஒன்று: கருவியா, ஒரு விளக்கமா, அனுமதியா. உங்கள் ஆய்வுச் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் இணையுங்கள். மார்ச், செப்டம்பர் மாதத் தொடக்கங்களையும், சுசொக் (அறுவடைத் திருநாள்), சொல்லால் (சந்திரப் புத்தாண்டு) பண்டிகை வாரங்களையும் தவிர்த்து, ஜூலை அல்லது ஜனவரி விடுமுறைக் காலத்தில் அனுப்பினால் பதில் வர வாய்ப்பு அதிகம். இரண்டு வாரம் கழித்தும் வராவிட்டால் அதே மின்னஞ்சலை ஒரு வரி நினைவூட்டலோடு மீண்டும் அனுப்புங்கள். அனுமதி கிடைத்தால் அந்தக் கடிதத்தை அச்செடுத்து ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேருங்கள். ஆய்வு முடிந்ததும் உங்கள் முடிவுகளை அவருக்கும் அனுப்பிவையுங்கள்.